ஊசி போட்ட பிறகு கண்ணுக்குள்ள கிழிஞ்சிட்டாம் – இனி ஊசி வேணாமெண்டு விடவா?

திருக்கோவிலிலிருந்து ஒரு மகன் – 2024 மார்ச் 3, மாலை 6.15

அம்மாவுக்கு 68 வயசு. வலக்கண்ணுல மக்கியூலா (நடுப்பார்வைக்கான இடமாம்) நோய், ஈரமான வகையாம், மாசம் ஒரு ஊசி கண்ணுக்குள்ள போடணும் எண்டு தொடங்கினது. ரெண்டாவது ஊசி போட்டு ஒன்பதாம் நாள் விடிய எழும்பி "மனே, உன்ட மூஞ்சிக்கு நடுவுல மை ஊத்தின மாதிரி கிடக்குடா" எண்டாங்க. கொண்டு போய் ஸ்கேன் எடுத்தா டொக்டர் சிங்களத்துல ஏதோ சொல்ல, பக்கத்துல நிண்ட நேர்ஸ் மிஸ் "கண்ணுக்குள்ள கிழிஞ்சிருக்கு, அடுத்த மாசம் ஊசிக்கு வாங்க" எண்டு சொல்லி அனுப்பிட்டாங்க. கிழிச்சதே ஊசி, திரும்பவும் அதே ஊசியா? இனி வேணாமெண்டுதான் வீட்டுல முடிவு. ஆருக்காவது இப்பிடி நடந்திருக்கா?

கல்லடி கணக்கு சேர் – மார்ச் 3, இரவு 9.40

தம்பி, நிப்பாட்டாதீங்க. இத மட்டும் இப்ப வாசிங்க, மிச்சம் மறுகா எழுதுறன். எனக்கு வயசு 71, இதே வலக்கண், இதே ரெண்டாவது ஊசி, இதே கிழிசல். நிப்பாட்டின ஆள் நான்.

இரவு 11.05

நித்திரை வரல்ல. சரி.

ஊசி முனை பட்டுக் கிழிஞ்சதில்ல. கண்ணுமுழி முன்னுக்கிருந்து பின்னுக்கு ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். ஊசி ஏறுறது வெள்ளைப் பக்கத்துல, கறுப்பு முழி விளிம்புலயிருந்து மூண்டரை, நாலு மில்லிமீற்றர் தள்ளி. ஊசியே அரை அங்குலம்தான், அதுலயும் பாதிக்குக் கிட்டத்தான் உள்ள போகும். மக்கியூலா கிடக்கிறது நேர் பின்சுவர்ல. கணக்கு வாத்தி சொல்றன், எட்டாது.

கிழிஞ்சது எண்டு மிஸ் சொன்னது விழித்திரை இல்ல, அதுக்குக் கீழ விரிச்சிருக்கிற ஒரு மெல்லிசுப் படலம். நிறமி இருக்கிற படலம், ஆர்.பி.ஈ. எண்டு ரிப்போர்ட்டில எழுதியிருக்கும் பாருங்க. வீட்டு நிலத்துல ஒட்டின சீற்றுக்குக் கீழ தண்ணி பூந்தா அது கொப்புளம் மாதிரி உப்பி நிக்கும் இல்லயா, அப்பிடித்தான் இந்த நோயில கீழ இருக்கிற கெட்ட ரத்தக்குழாய் ஒழுகி அந்தப் படலம் உப்பி இழுபட்டு நிக்கிறது. அது ஒரு நாள் ஓரத்துல பிச்சுக்கொண்டு காஞ்ச வாழை இலை மாதிரி ஒரு பக்கமா சுருண்டு போகும். சுருண்டு வெறுமையான இடத்துக்கு மேல இருக்கிற விழித்திரைக்கு சாப்பாடு போடுறதுக்கு ஆளில்ல, அதால அந்த இடம் மங்குது. நடுப்புள்ளிக்குக் கீழ வெறுமையாப் போனா மோசம், நடுப்புள்ளி தப்பினா பார்வை ஓரளவு நிக்கும்.

இது ஊசியால வாற வருத்தமில்ல. 1981-லயே இங்கிலாந்து டொக்டர்மார் இந்தக் கிழிசலைப் பற்றி எழுதி வச்சிருக்காங்க, இந்த நோய்க்கு இந்த மாதிரி ஊசி முதன்முதலா அமெரிக்காவில அனுமதியானதே 2004 கடைசியில. ஊசி இல்லாத காலத்துலயும் கிழிஞ்சிருக்கு.

ஊசி போட்ட அண்டு ராவைக்கு கண் கரகரத்து வலிச்சா பயப்பிடாதீங்க, பனடோல் போட்டுட்டுப் படுக்கச் சொல்லுங்க.

மார்ச் 4, காலை

டீச்சரம்மா (வீட்டுக்காரி, ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர்) ராவு எழுதினத வாசிச்சிட்டு "ஆளில்ல எண்டதுக்கு முன்னால சாப்பாடு போடுறதுக்கு எண்டு ஏன் போட்ட, அது ஓட்டலா" எண்டு கேக்கிறா. விடுங்க.

என்ட கதை. 2021 நவம்பர், மழை விட்ட ஒரு பின்னேரம், பழைய கல்லடிப் பாலத்தால நடந்து வாறன். 1924-ல கட்டின இரும்புப் பாலம், சின்னனிலயிருந்து பார்த்த சட்டம். அண்டைக்குப் பார்த்தா ஒரு சட்டம் நடுவுல வளைஞ்சு கிடக்கு. கூட வந்த மச்சானிட்ட "பாலம் வளைஞ்சிட்டு, றோட்டு டிப்பார்ட்மெண்ட்டுக்கு ஒரு கடுதாசி எழுதணும்" எண்டன். அவன் பார்த்திட்டு "எது?" எண்டான். இடக்கண்ணைப் பொத்தினா வளையுது, வலக்கண்ணைப் பொத்தினா நேர். வளைஞ்சது பாலமில்ல, நான்.

வீட்ட வந்து சதுர றூல் கொப்பியை எடுத்து, நடுவுல ஒரு புள்ளி வச்சுப் பார்த்தன். புள்ளிக்குக் கிட்ட நாலஞ்சு சதுரம் உருகின மெழுகு மாதிரி. டொக்டர்மார் இதுக்கெண்டு ஒரு அட்டை வச்சிருக்காங்க, அம்ஸ்லர் எண்ட சுவிஸ் கண் டொக்டரிட பெயர்ல. முப்பத்தெட்டு வருசம் புள்ளைகளைச் சதுரக் கொப்பியில கணக்குப் போட வச்ச பாவம் எனக்குக் கண்ணுலயே வந்து விடிஞ்சிருக்கு.

மார்ச் 4, மத்தியானம்

திருக்கோவில் தம்பி "சரி சேர், நிப்பாட்டி என்ன நடந்தது" எண்டு கேட்டிருக்கார். வெக்கத்தோட சொல்றன்.

2022 ஜனவரியில கிழிஞ்சது. எனக்கும் ஆரும் முதல் சொல்லல்ல, இப்பிடி ஒண்டு நடக்கலாம் எண்டு. சொல்லியிருந்தா கோவம் வந்திருக்காது. ஊசி போட முதல் தந்த கடுதாசியில கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சன், மூண்டு பாசையில எழுதியிருந்தது, நான் ஒண்டையும் வாசிக்கல்ல, அதுவும் உண்மை. கிழிஞ்ச பிறகு "உங்கட ஊசியும் வேணாம் நீங்களும் வேணாம்" எண்டு கிளினிக் கொப்பியை அலுமாரிக்கு மேல தூக்கிப் போட்டிட்டன். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல போய் ஆர் கண்ணைக் கிழிக்கக் குடுக்கிறது.

ஏப்ரல் மாதிரி மங்கல் கூடிச்சு. அப்ப போவமெண்டு நினைச்சா நாட்டுல பெற்றோல் இல்ல, மே ஜூன் ஜூலை எண்டு லைன்லதான் நிண்டம், வேன்காரன் கைய விரிச்சிட்டான், மருந்துக்கும் தட்டுப்பாடு. ஓகஸ்ட்டில ஒருமாதிரிப் போய்ச் சேரக்குள்ள கிழிசலுக்குப் பக்கத்துல புதுசா ரத்தம் கசிஞ்சு, காஞ்சு, தழும்பாப் போயிருந்தது. கிழிஞ்ச அண்டு அந்தக் கண்ணால பேப்பர் தலைப்பு வாசிப்பன். ஓகஸ்ட்டில தலைப்பும் இல்ல.

கிழிசல் எடுத்தது கொஞ்சம். என்ட கோவம் எடுத்தது மிச்சம் முழுக்க. பெற்றோல்காரன்ட தலையில கட்டலாம், ஆனா பெப்ரவரியில பெற்றோல் இருந்தது.

கிழிஞ்ச படலத்தை ஆருக்கும் தைக்க ஏலா. மறுகா ஏன் ஊசி எண்டா, கீழ இருக்கிற கெட்ட ரத்தக்குழாய் அப்பிடியேதான் இருக்கு, அது ஒழுகி ஒழுகி மிச்ச இடத்தையும் தழும்பாக்கும். அதைக் கட்டி வைக்கத்தான்.

மார்ச் 6

ஒரு திருத்தம், முக்கியமானது.

3-ம் தேதி ராவு "ஊசியால வாற வருத்தமில்ல" எண்டு ஒரேயடியா அடிச்சு எழுதினன். அது பாதிதான் சரி. என்ட டொக்டரிட்ட நேற்று போன்ல கேட்டன். ஊசி முனைக்குப் பங்கில்ல, ஆனா மருந்துக்குப் பங்கிருக்கு. மருந்து நல்லா வேலை செய்யக்குள்ள கெட்ட ரத்தக்குழாய்ப் பின்னல் சுருங்குது, சுருங்கக்குள்ள மேல ஒட்டியிருக்கிற படலத்தை இழுக்குது, ஏற்கனவே உப்பி விறைச்சு நிக்கிற படலம் தாங்காமப் பிச்சுக்கொள்ளுது. அதாலதான் கனபேருக்கு முதல் ஒண்டு ரெண்டு மூண்டு ஊசிக்குள்ள நடக்குது. உப்பல் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குப் பயம் கூட. என்ட பழைய ஸ்கேன்ல 600 மைக்ரோனுக்கு மேல இருந்திருக்கு, அதாவது அரை மில்லிமீற்றருக்கு மேல. ஆரும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல.

ஊசி போடாம விட்டாலும் அந்த உப்பல் கிழியலாம், ரத்தம் கசியலாம், அதால போடாம இருக்கவும் ஏலா. ஆனா தம்பி, "ஊசிக்குப் பிறகுதான் கிழிஞ்சது" எண்டு உங்கட அம்மா சொன்னா அவங்க சொல்றது பிழையில்ல. நான் வாத்தித்தனமா மறுத்தது பிழை.

இன்னொண்டு, ஒரு கண் கிழிஞ்ச ஆளுக்கு மற்றக் கண்ணுக்கும் இதே நோய் வந்தா அங்கயும் கிழியிற வாய்ப்புக் கூடவாம். என்ட இடக்கண்ணுக்கு 2023-ல ஊசி தொடங்கக்குள்ள முதல் கேட்ட கேள்வி "உப்பல் இருக்கா, எவ்வளவு உயரம்". டொக்டர் சிரிச்சார். சின்ன உப்பல்தான், இதுவரைக்கும் தப்பி நிக்குது.

மார்ச் 9

காத்தான்குடித் தங்கச்சி, வாப்பாட வெள்ளை முழியில ரத்தத் திட்டு எண்டு போட்டோ போட்டிருந்தீங்க. வலி இல்ல, பார்வை குறையல்ல எண்டா அது மேல்தோலுக்குக் கீழ பட்ட ரத்தம், பார்க்கத்தான் பயங்கரம், ரெண்டு கிழமையில மஞ்சளாகிப் போயிரும். ரத்தம் இளக்கிற குளிசையை நீங்களா நிப்பாட்டாதீங்க, இந்த ஊசிக்கு அதைப் பெரும்பாலும் நிப்பாட்டச் சொல்றதில்ல, அந்தக் குளிசை குடிக்கிறாரெண்டு முதலே சொன்னாக் காணும்.

களுவாஞ்சிக்குடிக்காரர் கேட்ட "கறுப்பு உருண்டை கீழ கிடந்து ஆடுது" எனக்கும் வந்தது. காத்துக் குமிழி, ஊசியோட பூந்தது. குமிழி கண்ணுக்குள்ள மேலதான் மிதக்குது, ஆனா விழித்திரையில எல்லாம் தலைகீழ் எண்டபடியால எங்களுக்குக் கீழ தெரியும். ஒண்டு ரெண்டு நாள்ல கரைஞ்சிரும். எனக்கு மூண்டாம் மாசமும் ஒண்டு போகாம நிக்கக் கேட்டா அது சிரிஞ்சுக்குள்ள பூசுற சிலிக்கோன் எண்ணெய்த் துளியாம், கரையாது, பழகிட்டு. பேர் வச்சிருக்கன்.

மார்ச் 9, கொஞ்ச நேரத்தால

பேர் என்னெண்டு கேக்காதீங்க, டீச்சரம்மா வாசிக்கிறவ.

மார்ச் 12

இதை முதல்லயே எழுதியிருக்கணும். ரெண்டு நாளா நெஞ்சுக்குள்ள குத்திக்கொண்டிருக்கு.

"வலிச்சா பனடோல் போட்டுட்டுப் படுங்க" எண்டு 3-ம் தேதி எழுதினன். அது ஊசி போட்ட அண்டு ராவைக்கு மட்டும். அந்த வலி கிருமி கொல்லுறதுக்கு விடுற அயடீன் மருந்தால, விடிய அநேகமாப் போயிரும். ரெண்டாம் நாள், மூண்டாம் நாள், நாலாம் நாள் எண்டு வலி கூடினா, கண் சிவந்து வெளிச்சம் பார்க்க ஏலாட்டி, பார்வை புகை மூடின மாதிரிக் குறைஞ்சா, பனடோலும் இல்ல படுக்கையும் இல்ல. உள்ளுக்குக் கிருமி பூந்திருக்கலாம். அடுத்த கிளினிக் தேதி பார்க்கிறதில்ல, அண்டைக்கே கண் டொக்டர் இருக்கிற இடத்துக்குப் போகணும். மணித்தியாலக் கணக்கு. கண்ணுக்குள்ளயே அன்டிபயோட்டிக் ஊசி போட்டாத்தான் பார்வையைக் காப்பாத்தப் பார்க்கலாம். கொழும்பு வரைக்கும் காத்திருக்கிறதில்ல, மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி கண் பகுதிக்கு முதல் போங்க.

அதே மாதிரி, உண்மையான விழித்திரைக் கிழிசல் எண்டும் ஒண்டிருக்கு, அது வேற. மின்னல் வெட்டுற மாதிரி வெளிச்சம், டக்கெண்டு கொசுக்கூட்டம் மாதிரிக் கறுப்புப் புள்ளி, மறுகா ஒரு பக்கத்தால திரை இழுத்து மூடுற மாதிரி. அதுக்கு லேசரோ ஒப்பரேசனோ செய்யலாம், செய்யணும், உடன. ஊசியால அது வாறது சரியான அரிது, ஆனா வந்தா அண்டைக்கே போகணும். அம்மாவுக்கு வந்தது நடுவுல மை, ஓரத்துல திரையில்ல. தமிழ்ல ரெண்டையும் "கிழிசல்" எண்டு ஒரே சொல்லால சொல்றதுலதான் பாதிச் சனம் மாட்டுப்படுது. டொக்டர் சிங்களத்துல சொல்லி, மிஸ் தமிழ்ல சொல்லி, மகன் வீட்ட வந்து அம்மாட்டச் சொல்லக்குள்ள ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு வருத்தம் பூந்து நிக்குது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வையுங்க, அடுத்த டொக்டருக்கு உதவும்.

மார்ச் 13

"எத்தினை பேருக்குக் கிருமி பூரும், கணக்கு சேர் கணக்குச் சொல்லுங்க" எண்டு ஒருவர் நக்கல். சொல்றன். பொதுவாச் சொல்றது ரெண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒண்டு. ரெண்டாயிரத்துக்கு ஒண்டெண்டே வைப்பம். ஆனா இது ஒரு ஊசிக்கு. நான் ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து இருபது போட்டாச்சு, அப்ப எனக்கு ஏறக்குறைய நூத்துக்கு ஒண்டு. சின்னது, ஆனா பூச்சியமில்ல. ஊசியே போடாட்டி ஈரமான வகையில நடுப்பார்வை போறது நூத்துக்கு ஒண்டில்ல, அநேகமாப் போகத்தான் போகும். இதை ஒரு பக்கத்துலயும் அதை மறுபக்கத்துலயும் வச்சுத்தான் ஒவ்வொரு மாசமும் ரயில் ஏறுறன்.

ஊசி போடக்குள்ள வாய் திறக்காதீங்க. கதைச்சா வாயிலயிருக்கிற கிருமி தெறிச்சு ஊசி முனையில படலாம், அதுக்குத்தான் எல்லாரும் மாஸ்க். வாழ்க்கையில முதல்முறையா ஒரு வகுப்புல என்னை "கதைக்காதீங்க" எண்டு ஒரு பெட்டை அதட்டினது அங்கதான்.

மார்ச் 20

கேன்சர் மருந்தைக் கண்ணுக்குப் போடுறாங்களாம், அதாலதான் கிழியுதாம் எண்டு ஒரு குரல் பதிவு சுத்துது. எனக்கு நாலு பேர் அனுப்பிட்டாங்க.

அவர் சொல்ற மருந்து அவாஸ்டின். அது குடல் கேன்சருக்கு 2004-ல அனுமதியானது, உண்மை. கெட்ட ரத்தக்குழாய் வளர்றதைத் தடுக்கிற மருந்து, கட்டிக்கும் அதுதான் வேணும், கண்ணுக்கும் அதுதான் வேணும். கண்ணுக்குப் போடுறது 0.05 மில்லிலீற்றர், ஒரு துளியளவு. கண்ணுக்கெண்டே செய்த லூசென்டிஸ் 2006-ல வந்தது, விலை பல மடங்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அமெரிக்காவில பெரிய ஆய்வு செய்து 2011-ல சொன்னது, பார்வைக்கு ரெண்டும் ஒப்பு. கிழிசல் ரெண்டுலயும் வரும், மற்ற மருந்துகள்லயும் வரும். அவாஸ்டின்ல கவனிக்க வேண்டியது வேற, பெரிய போத்தல்லயிருந்து சின்னச் சிரிஞ்சுக்குப் பிரிக்கிறாங்க, அந்த இடம் சுத்தமா இருக்கணும்.

குரல் பதிவுல கடைசியில கண்ணுக்குத் தேன் விடச் சொல்றார். ஒண்டும் விடாதீங்க.

ஏப்ரல் 2

சதுரக் கொப்பி விசயத்துல நான் விட்ட மடத்தனம். முதல் ரெண்டு மாசம் ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுப் பார்த்திருக்கன்! நல்ல கண் கெட்ட கண்ணின்ட பிழையை மூடிரும், "எல்லாம் நேர், எல்லாம் நேர்" எண்டு தேதி போட்டு எழுதி வச்சிருக்கன், சரி மார்க் வேற. ஒரு கண்ணைப் பொத்தி, வாசிக்கிற கண்ணாடியைப் போட்டு, வாசிக்கிற தூரத்துல பிடிச்சு, புள்ளியையே பார்க்கணும்.

ஏப்ரல் 16

வருசம் முடிஞ்சு இன்னும் பலகாரம் தீரல்ல. திருக்கோவில் தம்பிட்ட இருந்து நல்ல செய்தி, அம்மா மூண்டாவது ஊசிக்குப் போயிட்டாங்களாம். நடுவுல மை அப்பிடியே, ஆனா பெரிசாகல்ல. ஆனா ராவையில முத்தத்துல சின்னப்புள்ளைகள் தலைப்பாகை கட்டி வரிசையா நிக்கிறது தெரியுதாம், வீட்டுல ஆக்கள் நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போகப் போறாங்களாம்.

தம்பி, நூல் கட்டுறது உங்கட விருப்பம். ஆனா அம்மாவுக்கு மூளைக்கு ஒண்டுமில்ல எண்டு முதல் சொல்லுங்க, அவங்க அதைத்தான் பயந்து சொல்லாம வச்சிருந்திருப்பாங்க. பார்வை குறைஞ்ச இடத்தை மூளை சும்மா விடாது, தானா படம் வரைஞ்சு நிரப்பும். 1760-ல சார்ல்ஸ் போனே எண்ட சுவிஸ்காரர் தன்ட பெத்தப்பாவுக்கு இப்பிடித் தெரிஞ்சதை எழுதி வச்சார், அவர் பேர்லயே இப்பவும் சொல்றாங்க. சத்தம் கேக்காது, படம் மட்டும்தான், அது பொய்யெண்டு அவங்களுக்கே தெரியும். சத்தமும் கேட்டா, இல்லாட்டி அந்தப் புள்ளைகள் உண்மையா நிக்குது எண்டு அவங்க நம்பினா, டொக்டரிட்டச் சொல்லணும். எனக்கு வாறது மனுசரில்ல, சுவர் முழுக்கப் பன்பாய்ப் பின்னல். கண்ணை ரெண்டு மூண்டு தரம் அங்கால இஞ்சால உருட்டினாப் போகும், லைட்டைப் போட்டாலும் போகும். பதினொரு மாசம் டீச்சரம்மாட்டயே சொல்லல்ல நான்.

ஏப்ரல் 16, இரவு

சொன்னன் இண்டைக்கு. "பாய் தானே, விரிச்சுப் படுங்க" எண்டா.

மே 21

நாளையண்டைக்கு வைகாசிப் பூரணை, இஞ்ச கண்ணகி அம்மன் சடங்கு. கூட்டத்துக்குள்ள எனக்கு ஆரையும் அடையாளம் தெரியா, சாரியின்ட கரையைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது, போன வருசம் ஆரோட வீட்டுக்காரிட்டயோ "வா போவம்" எண்டிட்டன்.

திருக்கோவில் தம்பி, உங்கட அம்மாட கிளினிக் தேதியும் என்ட தேதியும் ஒரே நாள் எண்டு கண்டன், ஜூன் முதல் கிழமை. எட்டு மணிக்கெல்லாம் நான் அங்க வாங்குல இருப்பன், நீலக் குடை, மடியில சதுரக் கொப்பி. எனக்கு முகம் தெரியாது, அம்மாவுக்கும் நடுவுல மை. நீங்கதான் ரெண்டு பேரையும் கொண்டு வந்து பக்கத்துல இருத்தணும்.